கொட்டை எழுத்தின் கதை

நம் குடியிருப்பில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், கூடத்துச் சுவரில் சட்டமிட்ட பட்டச் சான்றிதழ் ஒன்று நம்மை வரவேற்கக் காணலாம். தந்தையாரோ பாட்டனாரோ ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில், தகரப் பெட்டியின் அடியில் வேட்டிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுருட்டி வைத்துக் கொணர்ந்த காகிதம் அது. இவ்வூரில் வேலை தேடித் தந்ததும் அதுவே. இக்குடியிருப்பில் நமக்கு ஒரு கதவெண்ணைப் பெற்றுத் தந்ததும் அதுவே.

அச்சான்றிதழை ஒருமுறை உற்று நோக்குங்கள். பல சான்றிதழ்களில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் ஏனைய எழுத்துகளைப் போலன்றிக் கன்னங்கரேலென்று, கூர்முனைகளும் முறிவுகளுமாக நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் அதனை எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்று, "இது எந்த மொழி?" என்று கேட்பதும் உண்டு. மொழி ஆங்கிலமே, எழுத்தும் ஆங்கில எழுத்தே, உடை மட்டுமே வேறு. பழைய கிரயப் பத்திரங்களின் தொடக்கச் சொல்லிலும், 'நியூயார்க் டைம்ஸ்', 'வாஷிங்டன் போஸ்ட்' முதலிய நாளேடுகளின் முகப்பிலும் இவ்வுடையைக் காணலாம். ஆங்கிலேயர் இதனைக் கறுப்பெழுத்து என்பர். கோதிக் எழுத்து என்பதும் உண்டு. இவ்வகையில் மிகத் தடித்துப் பருத்த வடிவம் ஒன்றினை ஜெர்மானியர் 'ஃபெட்டே ஃபிராக்டூர்' என்பர். 'பருத்த முறிவெழுத்து' என்பது அதன் பொருள். நம் வழக்கில் சொன்னால் கொட்டை எழுத்து.

அச்சகத்தாருக்குரிய செய்தியைச் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். ஓர் எழுத்து பிறந்து, வளர்ந்து, கடைவீதியில் கூவி, அரசியலில் சிக்கி, தான் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்து, இறுதியில் சொந்தப் பேரப் பிள்ளைகளாலேயே படிக்கப்படாமற்போன வரலாறு இது. ஊரை விட்டு வந்து வாழும் நாம் இதனை வெறுங்கதையாகக் கேட்டுவிட்டுப் போக முடியாது.

இறகு வடித்த எழுத்து

எழுத்தின் வடிவத்தைக் கண் மட்டும் தீர்மானிப்பதில்லை. எழுதுகோலும் எழுதுபொருளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பனையோலையில் எழுத்தாணி நேர்க்கோட்டில் ஆழ உழுதால் ஓலை கிழியும். ஆகவேதான் நம் எழுத்துகள் வளைந்து உருண்டன என்பர் அறிஞர். ஐரோப்பாவின் வடபகுதியிலோ எழுதுபொருள் ஆட்டுத்தோலும் கன்றுத்தோலும். எழுதுகோல் பட்டையாக நறுக்கிய பறவை இறகு. அவ்விறகை ஒரே சாய்வில் பிடித்துக் கீழே இழுத்தால் தடித்த கோடும், பக்கவாட்டில் நகர்த்தினால் மயிரிழைக் கோடும் விழும். தோல் விலை மிகுந்த பொருள். எழுத்துகளை நெருக்கி, வளைவுகளைக் குறுக்கி, ஒவ்வொரு வளைவையும் சிறு சிறு முறிவுகளாக ஒடித்து எழுதினால் ஒரு பக்கத்தில் மிகுதியான சொற்கள் அடங்கும். 12-ஆம் நூற்றாண்டளவில் இம்முறை வடபிரான்சிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நிலைபெற்றது.

இவ்வாறு எழுதிய பக்கத்தைத் தொலைவிலிருந்து பார்ப்போருக்கு அது நெய்த துணியைப் போல் தோன்றியது. ஆகவே அதற்கு 'டெக்ஸ்டூரா' என்று பெயர் வந்தது. நெசவு என்பது அதன் பொருள். இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என்று ஒரே பெயரிட்ட நமக்கு இது வியப்பாயிராது. பஞ்சை நூற்கும் தொழிலை நூல் இயற்றும் பணிக்கு உவமையாக்கி நன்னூலின் பாயிரம் பேசுவதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

மைன்ஸ் நகரத்துக் குட்டன்பர்க் 1455-ஆம் ஆண்டளவில் அச்சிட்டு முடித்த புகழ்பெற்ற விவிலியம் இந்நெசவெழுத்திலேயே அமைந்தது. பக்கத்துக்கு 42 வரிகளாகச் சுமார் 180 படிகள் அச்சிடப்பட்டன. பிற்காலத்தில் போப்பாண்டவராக அமர்ந்த பிக்கோலோமினி என்பவர் அதன் தாள்களைக் கண்டு, மூக்குக் கண்ணாடியின்றியே படிக்கலாம், அத்துணைத் தெளிவான எழுத்து என்று 1455-இல் ஒரு கடிதத்தில் வியந்திருக்கிறார். இன்று நம் கண்ணுக்குப் புரியாத புதிராகத் தோன்றும் எழுத்து அன்று தெளிவின் இலக்கணமாகத் தோன்றியது. படிக்க எளிது, படிக்க அரிது என்பனவெல்லாம் பெரும்பாலும் பழக்கத்தைப் பொறுத்தவையே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இவ்வெழுத்துக்குக் 'கோதிக்' என்று பெயரிட்டவர்கள் இத்தாலியப் புலவர்கள். அது புகழ்ச்சி அன்று, இகழ்ச்சி. கோத்தர் என்னும் பழங்குடியினருக்கும் இவ்வெழுத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தமக்குப் பிடிக்காத வடபுலத்து வழக்கை 'காட்டுமிராண்டி எழுத்து' என்று ஒதுக்குவதற்கே அப்பெயர் பயன்பட்டது. எழுத்தின் மேல் விழுந்த முதற்பழி அதுவே.

அரசர் அவையும் தரங்கம்பாடியும்

இத்தாலியில் 1460-களிலும் 1470-களிலும் ரோமன் அச்செழுத்து வளர்ந்தது. நாம் இன்று ஆங்கில நூல்களில் படிப்பது அதன் வழித்தோன்றலே. ஜெர்மானியரோ தமக்கெனப் புதியதொரு முறிவெழுத்தை வகுத்தனர். பேரரசர் முதலாம் மாக்சிமிலியனின் ஆணைப்படி 1513-இல் அச்சான வழிபாட்டு நூலிலும், 1517-இல் நியூரம்பர்க்கில் வெளிவந்த 'தாயெர்டாங்க்' என்னும் நூலிலும் அதன் தொடக்கத்தைக் காண்கிறோம். 'முறிந்தது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு 'ஃபிராக்டூர்' என்ற பெயர் வந்தது. லூத்தர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1522-இல் வெளிவந்தபோது அதற்குப் பயன்பட்டதோ, 'ஷ்வாபாகர்' என்னும் உறவெழுத்து. இதன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்; பின்னர் ஒரு வழக்கில் இது மீண்டும் வரும்.

ஃபிராக்டூரின் பேரெழுத்துகள் பலவற்றில் தொடக்கக் கோடு நெளிந்து தொங்கும். ஜெர்மன் அச்சுத் தொழிலாளர் அதற்கு இட்ட பெயர் 'யானைத் துதிக்கை'! நம் பாட்டனார் காலத்துத் தமிழ்ப் புத்தகங்களில் ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளின் முகப்பில் வளைந்து நின்ற கொம்பையும் நாம் தும்பிக்கை என்றே சொல்லி வந்தோம். யானையைக் காட்டில் கண்டவருக்கும் படத்தில் கண்டவருக்கும் ஒரே உவமை தோன்றியது இன்பந் தருகிறது.

இங்கிலாந்திலும் தொடக்கத்தில் கறுப்பெழுத்தே ஆட்சி செலுத்தியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் அவ்வெழுத்திலேயே அச்சாயிற்று. பின்னர் ரோமன் எழுத்து அங்கு வென்றது. ஜெர்மனியில் மட்டும் ஈரெழுத்து வழக்கு நீடித்தது. தாய்மொழிக்கு ஃபிராக்டூர், இலத்தீனுக்கும் பிறமொழிச் சொற்களுக்கும் ரோமன். ஒரே பக்கத்தில், ஒரே வரியில்கூட, இரண்டும் கலந்து நிற்கும்.

இவ்விடத்தில்தான் நம் கதையும் அதனோடு பின்னிக் கொள்கிறது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயருக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டுக் கடல் வழியே அனுப்பப்பட்டன. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சேறியது. இது பலரும் அறிந்ததே. பலர் அறியாத மறுபக்கம் ஒன்றுண்டு. தமிழ் நாட்டைப் பற்றிய செய்திகள் தொகுக்கப்பெற்று 1710 முதல் ஹாலேயில் வெளிவரலாயின. அவற்றுள் தமிழ் மக்களே எழுதிய கடிதங்களும் அடங்கும். வழிபாடு, வாழ்க்கை முறை, ஐரோப்பியரின் நடத்தை ஆகியவை குறித்து அவர்கள் தம் கருத்தை எழுத, அக்கடிதங்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1714-இலும் 1717-இலும் அச்சாயிற்று. காவிரிக் கழிமுகத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் கேட்ட கேள்விகளும் சொன்ன விடைகளும் அம்முறிவெழுத்தின் கறுத்த பக்கங்களில் இன்றும் இருக்கின்றன. ஃபிராக்டூர் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் அந்நூலைத் திறந்தால் நம் முன்னோர் பேசத் தொடங்குவர். தெரியாதவர் திறந்தால் அவர்கள் வாய் திறவார்.

கடைவீதியின் குரல்

19-ஆம் நூற்றாண்டில் தொழிற்புரட்சி வந்தது. நீராவி இயந்திரங்கள் பொருள்களைக் குவித்தன. குவிந்த பொருளை விற்கக் கூவ வேண்டியிருந்தது. அதுகாறும் அச்செழுத்து என்பது கையில் ஏந்திப் படிக்கும் நூலுக்கென அமைந்தது. இப்பொழுதோ தெருவில் விரைந்து செல்பவனைப் பத்தடித் தொலைவிலிருந்தே நிறுத்த வல்ல எழுத்து தேவைப்பட்டது. இங்கிலாந்தின் எழுத்து வார்ப்பகங்கள் முதலில் ரோமன் எழுத்தைக் கொழுக்க வைத்தன. அடிக்கட்டை பருத்த எழுத்து, கொம்பில்லாத மொட்டை எழுத்து எனப் புதுப்புது வகைகளும் பிறந்தன. சுவரொட்டி, துண்டு விளம்பரம், கடைப் பலகை எங்கும் எழுத்துகள் ஒன்றையொன்று முந்திக் கூவின.

ஜெர்மனியில் அப்பணியை ஏற்றதே ஃபெட்டே ஃபிராக்டூர். அதனை வெட்டியவர் யோஹான் கிறிஸ்டியான் பவுவர் (1802–1867). எஃகு முனையில் எழுத்தைச் செதுக்கும் அருந்தொழிலில் வல்லவரான அவர், 1837-இல் ஃபிராங்ஃபர்ட் நகரில் வார்ப்பகம் ஒன்றை நிறுவினார். இவ்வெழுத்தை அவர் 1850-ஆம் ஆண்டளவில் வெட்டினார். பின்னர் வேபர் வார்ப்பகம் 1875-இல் வெளியிட்ட வடிவத்தால் அது எங்கும் பரவியது.

அதன் தோற்றத்தைச் சற்றே ஆராய்வோம். கீழிறங்கும் கோடுகள் மிகத் தடித்தவை. எழுத்தின் உள்ளே இருக்கும் வெண்மையை அவை ஏறத்தாழ விழுங்கி விடுகின்றன. அத்தடிப்புக்கு எதிராக முனைகளில் மயிரிழை போன்ற மெல்லிய சுழிகள் ஓடுகின்றன. பேரெழுத்துகள் காற்று நிறைந்த பாய்மரம் போல் புடைத்து நிற்கின்றன. இத்தடிப்பும் மென்மையும் மாறுபட்டு நிற்பதாலேயே கண் அங்குச் சென்று தங்குகிறது. ஒரு சொல்லுக்கும் இரு சொல்லுக்கும் அது மிகப் பொருந்தும். ஒரு பத்தி முழுவதையும் அதில் கோத்தால் கண் களைத்துப் போகும். விருந்தில் ஊறுகாய் போன்றது அது. இலையோரத்தில் சிறிது இருந்தால் சுவை, சோற்றுக்குப் பதிலாக இட்டால் உண்ண இயலாது.

இதற்கெனச் சில நெறிகளும் உண்டு. ஃபிராக்டூரில் ஒரு சொல்லை முழுவதும் பேரெழுத்துகளால் கோக்கலாகாது. ஒவ்வொரு பேரெழுத்தும் தனித்தனியே நெளிந்து சுழிவதால் அவை அடுத்தடுத்து நின்றால் புதராகிவிடும். ஒரு சொல்லை வலியுறுத்த விரும்பினால் அதன் எழுத்துகளுக்கிடையே இடம் விட்டு அகற்றிக் கோப்பர். சில எழுத்திணைகள் எப்பொழுதும் கூட்டெழுத்தாகவே நிற்கும். சொல்லை அகற்றும்போதும் அவை பிரியா. ஆங்கிலத்தில் 'எஸ்' எனப்படும் எழுத்துக்கு இரு வடிவங்கள்: சொல்லின் இறுதியில் குட்டை வடிவம், பிற இடங்களில் பெரும்பாலும் நெட்டை வடிவம். நெட்டை வடிவம் 'எஃப்' எழுத்தைப் போலவே தோன்றுவதால் புதிதாகப் படிப்போர் முதலில் தடுக்கி விழுவது அங்கேதான்.

ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இன்று மதுக்குப்பியின் சீட்டிலோ உணவுவிடுதியின் பலகையிலோ இக்கொட்டை எழுத்தைக் காண்போர் "ஆகா, எத்துணைப் பழமை!" என்று எண்ணுகின்றனர். அது பிறந்த காலத்திலோ அது புதுமையின் எல்லை, புகைவண்டியின் உடன்பிறப்பு, கடைக்காரனின் உரத்த குரல். பழமையின் சின்னமாக நாம் போற்றுவது உண்மையில் அன்றைய விளம்பரமே.

வழக்கும் தீர்ப்பும்

எந்த எழுத்து ஜெர்மானியருக்கு உரியது என்ற வழக்கு நெடுங்காலமாக நடந்து வந்தது. கவிஞர் கெதேயின் தாயார் 1794-இல் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய நூல்கள் இலத்தீன் எழுத்தில் வெளிவராமை குறித்துத் தம் மகிழ்ச்சியைத் தெரிவித்தார். பெருமொழியறிஞர் யாக்கோப் கிரிம்மோ அதற்கு நேர்மாறான கருத்தினர். 1854-இல் முதல் தொகுதி வெளிவந்த அவருடைய பேரகராதி ரோமன் எழுத்திலேயே அச்சாயிற்று. 1911-இல் இவ்வழக்கு நாடாளுமன்றம் வரை சென்றது. ரோமன் எழுத்துக்கு இடங்கேட்ட கோரிக்கை அங்கே தோற்றது. தாய்மொழிப் பற்றுடைய நல்லோர் இரு பக்கமும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

1933-இல் ஹிட்லரின் ஆட்சி வந்ததும் முறிவெழுத்து தேசபக்தியின் அடையாளமாக்கப்பட்டது. 'டானன்பர்க்', 'நாட்சியோனால்' முதலிய பெயர்களுடன் தடித்து விறைத்த புது வடிவங்கள் வெளிவந்தன. அவற்றில் சுழியில்லை, துதிக்கையில்லை. படைவீரரின் காலணிபோல் நேராக நின்றன. இதனாலேயே அச்சுத் தொழிலாளர் அவற்றை 'பூட்சு எழுத்து' என்று ஏளனஞ் செய்தனர். 1937-இல் யூதப் பதிப்பகங்கள் ஃபிராக்டூரைப் பயன்படுத்தலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. அது 'தூய ஜெர்மன்' எழுத்தாம், யூதர் தொடக்கூடாதாம்.

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 1941 ஜனவரி 3-ஆம் நாள் நாஜிக் கட்சியின் தலைமையிடத்திலிருந்து மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை ஒன்று புறப்பட்டது. கோதிக் எழுத்து எனப்படுவது உண்மையில் ஷ்வாபாகர் யூத எழுத்து. இனி ரோமன் எழுத்தே முறையான எழுத்து என்று அது அறிவித்தது. நேற்று யூதர் தொடக்கூடாத எழுத்து, இன்று யூதரே படைத்த எழுத்தாயிற்று! இரண்டும் பொய். லூத்தரின் புதிய ஏற்பாட்டைத் தாங்கிய எழுத்தன்றோ அது? அச்சுற்றறிக்கை எழுதப்பட்ட கட்சித்தாளின் முகப்பே முறிவெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது என்பது வரலாறு செய்த கேலி. உண்மைக் காரணம் வேறு. போரில் பிடித்த நாடுகளில் இருந்தோருக்கு ஃபிராக்டூர் படிக்க வரவில்லை. அவர்களுக்கு ஆணைகள் புரியவேண்டும். அந்த வசதிக்காக ஒரு பொய் சொல்லப்பட்டது. ஏற்கெனவே துன்புற்று வந்த ஓர் இனத்தின் தலையில் எழுத்தின் பழியும் சுமத்தப்பட்டது.

பவுவர் நிறுவிய அதே வார்ப்பகம் 1927-இல் 'ஃபூட்டுரா' என்னும் எளிய வடிவெழுத்தை வெளியிட்டது. அதனை வகுத்த பவுல் ரென்னர், நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையைக் கண்டித்து 1932-இல் நூல் எழுதியவர். 1933-இல் கைது செய்யப்பட்டார். சுழித்துப் பருத்த ஃபெட்டே ஃபிராக்டூரும் சுழியே இல்லாத ஃபூட்டுராவும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஒன்றைக் கொடுமையின் எழுத்தென்றும் மற்றொன்றை விடுதலையின் எழுத்தென்றும் சொல்வது எளிது. எழுத்துகளோ அவ்விரண்டையும் அறியா.

போர் 1945-இல் முடிந்தது. நாஜிகள் போயினர், அவர்கள் செய்த எழுத்து மாற்றம் நிலைத்தது. அதனினும் விந்தை, அவர்களே விலக்கிய எழுத்து அவர்களுடைய எழுத்தாகவே உலகத்தார் மனத்தில் பதிந்துவிட்டது. திரைப்படத்தில் அக்காலத்தைக் காட்ட வேண்டுமாயின் இன்றும் முறிவெழுத்தில் ஒரு பலகை தொங்கும்.

இன்றைய வாழ்வு

ஆயினும் அவ்வெழுத்து மடிந்துவிடவில்லை. லண்டன் 'டைம்ஸ்' நாளேடு 1932 அக்டோபர் 3-ஆம் நாள் தன் முகப்பிலிருந்து கோதிக் எழுத்தை நீக்கிற்று. 'நியூயார்க் டைம்ஸ்' நீக்கவில்லை; 1967-இல் பெயரின் இறுதியிலிருந்த முற்றுப்புள்ளியை மட்டுமே நீக்கிற்று. மெக்சிகோவின் கடைப் பலகைகளிலும், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அந்நாட்டு வழிவந்த இளைஞர்கள் குத்திக்கொள்ளும் பச்சையிலும் அது வாழ்கிறது. பேரோசை இசைக்குழுவினர் அதனைத் தம் இசைத்தட்டு உறைகளில் சூட்டிக்கொள்கின்றனர். இவர்களுட் பலர் முழுச் சொல்லையும் பேரெழுத்தாலேயே எழுதுகின்றனர். பவுவர் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

ஜெர்மனியில் மட்டும் ஓர் இழப்பு நேர்ந்தது. அச்செழுத்தோடு அதன் துணையான பழைய கையெழுத்தும் பள்ளியினின்று விலகிற்று. பாட்டியார் எழுதிய கடிதமும், பாட்டனார் போர்முனையிலிருந்து விடுத்த மடலும், குடும்பச் சமையற் குறிப்பேடும் வீட்டிலேயே இருக்கின்றன. பேரப் பிள்ளைகளுட் பெரும்பாலோருக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. மொழி மாறவில்லை, ஊர் மாறவில்லை, எழுத்தின் உடை மாறிற்று, அவ்வளவே. தம் வீட்டுக் கடிதத்தைத் தாமே படிக்க மாட்டாமல், படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போக வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது.

இதனைப் படித்தபோது நம் நெஞ்சு நம் வீட்டை நோக்கித் திரும்பியது. பெரியார் 1935 முதல் தம் ஏடுகளில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தங்களுட் சிலவற்றைத் தமிழ்நாட்டரசு 1978-இல் ஏற்றது. தும்பிக்கைகள் மறைந்தன, கற்பது எளிதாயிற்று. அதில் நமக்கு வருத்தமில்லை. பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் ஒருசேரப் படிக்கும் பெரியவர்கள் நம் குடியிருப்பில் இன்றும் இருக்கின்றனர். நம் கவலை வேறு. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுட் பலர் தமிழை இனிமையாகப் பேசுகின்றனர். புதிய எழுத்தும் அறியார், பழைய எழுத்தும் அறியார். அவர்களுக்குத் தமிழெழுத்து முழுவதுமே ஒரு கறுப்பெழுத்தாக நிற்கிறது. இங்கே எந்தச் சுற்றறிக்கையும் பிறக்கவில்லை; எவரும் தடை விதிக்கவில்லை. நம் சோம்பல் ஒன்றே அந்த வேலையைச் செய்து வருகிறது.

ஒவ்வொரு வீட்டிலும் பரணில் ஒரு பெட்டி இருக்கும். அதனுள் ஊரிலிருந்து வந்த பழைய அஞ்சலட்டைகள் சில இருக்கும். 'நலம், நலமறிய அவா' என்று தொடங்கி, மழை பெய்ததையும் மாடு ஈன்றதையும் அத்தைக்கு மாப்பிள்ளை அமைந்ததையும் சொல்லி, இடமின்மையால் ஓரத்தில் செங்குத்தாக எழுதி முடித்த அட்டைகள். இவ்வாண்டு விழா முடிந்து வீடு திரும்பியதும் அவற்றுள் ஒன்றை எடுப்போம். பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு, இது தும்பிக்கை, இது பாட்டி கைப்பட எழுதியது என்று விரல் வைத்துக் காட்டுவோம். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

சுவரில் தொங்கும் சான்றிதழின் கொட்டை எழுத்தை நம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டியேனும் படித்துவிடுவர். பெட்டிக்குள் இருக்கும் அஞ்சலட்டையையும் அவர்கள் படித்தல் வேண்டும்.